எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

நான் பத்திரம் எழுதுகிறவன். புதுக்கோட்டையில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். இவ்வளவுதான் என் கடை. வடக்கே யார் நிலம், தெற்கே யார் வேலி என்று முப்பது வருடமாக எழுதி எழுதி, எந்தத் தகராறையும் ஒரு நல்ல வாக்கியத்துக்குள் அடைத்துவிடலாம் என்ற மமதை எனக்கு வந்துவிட்டது. கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். நான் மனு எழுதுவேன். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு, டவுன் பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போனால் மனு. காலையில் நான் காகிதத்தை எடுத்தாலே, "இன்னைக்கு யாருக்குங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் என் மனைவி காபியை வைப்பாள்.

நான் எழுதியவற்றிலேயே நன்றாக அமைந்தது ஒரு மனு. அதை நான் எழுதியே இருக்கக் கூடாது.

எலக்ட்ரிக் கார் வாங்கியது நான் ஆசைப்பட்டுத்தான். மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று கடற்கரைப் பக்கம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் பத்து நாளில் வீட்டு மனை, நிலம் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று நிற்பார்கள். வீட்டிலேயே சார்ஜ் போட்டு, சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வரலாம் என்று வாங்கினேன். திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் முதல் எலக்ட்ரிக் கார் என்னுடையதுதான். அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் மட்டும் சொன்னேன். கேட்கும்படி பார்த்துக்கொண்டேன்.

சார்ஜர் மாட்ட, கார் விற்ற கம்பெனியே ஆள் அனுப்பியது. ஐப்பசி மாதம், விடாத மழை. ரெயின்கோட்டோடு ஒரு பழைய பெட்ரோல் ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆவூர்ப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பம், ஐ.டி.ஐ. படித்து வயர்மேன் லைசென்ஸ் எடுத்தவர். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவரே சிரித்தபடி சொன்னார்: "கம்பெனி லிஸ்ட்ல இந்தப் பக்கம் பொம்பளைப் பேரு ஒண்ணே ஒண்ணுதான் சார். அது நான்தான்."

சார்ஜர் பெட்டியைக் கார் கொட்டகைச் சுவரில் மாட்ட அவருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. எர்த் குழிக்கு இடம் பார்க்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டார். மின்சாரம் எங்காவது வழி தவறிக் கசிந்தால் அதை ஆளைத் தொடவிடாமல் பூமிக்குள் இறக்கிவிடுகிற கம்பியைப் புதைக்கிற குழி அது. நான் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இடம் காட்டினேன். அவர் மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், துணி துவைக்கிற கல்லுக்கு அருகில் நின்றார்.

"இங்கிட்டுப் போடுவோம் சார். நம்ம பக்கம் செம்புறாங்கல்லு. மழை நின்னா ஒரு மாசத்துல காஞ்சு போயிரும். ஈரம் இருந்தாத்தான் எர்த் வேலை பார்க்கும். துவைக்கிற தண்ணி இங்கயே விழட்டும், மாத்திராதீங்க."

சரி சரி என்றேன். மழையில் நனைந்துகொண்டு நின்றவனுக்கு ஈரத்தைப் பற்றி ஒருவர் பேசினால் காதில் ஏறுமா?

கரியும் உப்பும் போட்டுக் குழியை மூடி, மேலே சின்னதாகச் சிமெண்ட் மூடி ஒன்றும் வைத்தார். கடைசியில் மெயினைப் போடுவதற்கு முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. மறுநாளே நான் அவரை மறந்துவிட்டேன். வேலை ஒழுங்காக நடக்கிற வரைக்கும் செய்தவரை யார் நினைக்கிறார்கள்?

தை மாதம் வீட்டைச் சுற்றிப் பேவர் கல் பதித்தேன். துவைக்கிற கல்லடியில் எப்போதும் சேறாகக் கிடப்பது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கல் பதிக்க வந்தவர், "இந்த மூடியை என்னங்க செய்ய?" என்றார். மேலேயே பதித்துவிடுங்கள் என்றேன். துவைத்த தண்ணீரையும் வீணாக்க மனம் வரவில்லை. எங்கள் ஊரில் தண்ணீரை வீணாக்குகிறவனைப் பார்க்கிற பார்வையே வேறு. ஆலங்குடியிலிருந்து கொண்டுவந்து வைத்த பலாக்கன்று ஒன்று தோட்டத்து மூலையில் வாடிக்கொண்டு நின்றது. துவைக்கிற இடத்திலிருந்து ஒரு பைப் போட்டுத் தண்ணீரை அதற்கு விட்டேன். கன்று கிடுகிடுவென்று தழைத்தது. வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அதைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சொட்டு வீணில்லை என்று பெருமை பேசினேன்.

சித்திரையில் ஒரு நாள் சார்ஜரில் சிவப்பு விளக்கு.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். சிவப்பு. மெயினை அணைத்துப் போட்டேன். பெட்டியைத் தட்டினேன். கொஞ்சம் பேசியும் பார்த்தேன். சிவப்புதான். இரண்டு நாள் கழித்து ஒரு கோடை மழை பெய்தது. அன்று ஒன்றுமே நடக்காததுபோல் பச்சை எரிந்தது. அப்பாடா என்றிருந்தேன். மூன்றாம் நாள் மறுபடி சிவப்பு. நினைத்தால் வேலை செய்கிறது, நினைத்தால் படுத்துக்கொள்கிறது என்றால் எங்கோ கம்பியைச் சரியாக முறுக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மழை பெய்த நாளில் மட்டும் ஏன் வேலை செய்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்க எனக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பதில்தான் தோன்றும், கேள்வி தோன்றாது.

அவருக்குப் போன் போட்டேன். மீமிசலில் ஒரு ஐஸ் பேக்டரியில் வேலையாக இருந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வாரேன் சார். அதுவரைக்கும் அதுல கை வைக்க வேணாம். வேற யாரையும் விட்டுத் திறக்கவும் வேணாம்."

நாளை மாலை வரைக்கும் பொறுப்பதா? மறுநாள் காலை கோட்டைப்பட்டினத்தில் பத்திரம் எழுத ஒரு கட்சிக்காரர் எனக்காகக் காத்திருப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கடைவீதியில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் சார்ஜருக்குக் கீழே இருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயரை எடுத்து உள்ளே எதையோ எதோடோ சேர்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"என்னண்ணே கோளாறு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். மெசினு சும்மா பயப்படுது. பயத்தை எடுத்து விட்டாச்சு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிட வேலையை நாளை மாலைக்குத் தள்ளிப்போட்டாரே அந்த அம்மா! வர வேண்டாம் என்று அவருக்குப் போனில் சொல்லிவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். கம்பெனி மேலாளர் சமூகத்துக்கு, 'மேற்படி நபர்' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். தொழில் அறிவின்மை, பொறுப்பின்மை, வாடிக்கையாளரை அலைக்கழித்தல் என்று வரிசையாக அடுக்கினேன். 'சாதாரண ரிப்பேர்க்காரர் ஒருவர் ஐந்தே நிமிடத்தில் கண்டறிந்த பழுதை' என்று ஒரு வரி. 'மேற்படியாரின் பெயரைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கி, என் போன்ற வாடிக்கையாளர்களைக் காத்தருள வேண்டுமாய்' என்று முடித்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

மனைவியும் படித்தாள். "ஒரு நாள் பொறுத்தா என்னங்க? அந்தப் பொண்ணு பொழப்புல கை வைக்கிறீங்க" என்றாள்.

"எழுத்து எப்படி இருக்கு, அதைச் சொல்லு" என்றேன்.

அவள் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் அனுப்பிவிட்டேன்.

நான்காவது நாள் காலை அந்தப் பழைய ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. கார் கொட்டகையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கையில் கம்பெனி கொடுத்த அச்சடித்த படிவம். திட்டப் போகிறார், அல்லது கெஞ்சப் போகிறார் என்று நினைத்து இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"நேர்ல பார்த்து ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருக்காங்க சார். என் வேலையில தப்புன்னா லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துருவாங்க. தப்புன்னா எடுக்கத்தான வேணும்? என்னன்னு பார்த்துர்றேன்."

சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து என் மனைவி வாளியும் ஈரத்துணியுமாக வந்தாள். தினமும் காலையில் காரைத் துடைப்பது அவள் வழக்கம். செருப்புப் போடாமல்தான் வருவாள். ஈரத்தரை.

"அக்கா, காரைத் தொடாதீங்க!"

அந்தக் குரலில் என் மனைவியின் கையிலிருந்து துணி விழுந்தது. "இங்கிட்டு வாங்க. தள்ளி வந்துருங்க" என்று சொல்லிக்கொண்டே போய் மெயினை அணைத்தார். அணைந்ததா என்று டெஸ்டர் வைத்து ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். பிறகுதான் அந்தச் சிவப்பு ஒயரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"யாரு சார் இதைப் போட்டது?"

சொன்னேன்.

"இந்தப் பெட்டி காரைச் சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி 'எர்த் இருக்கா'ன்னு கேட்கும் சார். இல்லைன்னா சிவப்பு போட்டு நின்னுக்கும். அது கோளாறு இல்ல, அதோட வேலையே அதுதான். இந்த ஒயரு, கரண்டு திரும்பிப் போற நியூட்ரலை எர்த்தோட சேர்த்து, 'இருக்கு இருக்கு'ன்னு பொய் சொல்லுது. வெளியில போஸ்ட்டுல நியூட்ரல் அந்து போச்சுன்னா, கரண்டு இது வழியா காரு உடம்புக்கு வந்துரும். அக்கா ஈரத்துணியோட, வெறுங்காலோட..."

என் முகத்தில் ஈயாடவில்லை. என் தொழிலில் இதற்குப் பெயர் போலிப் பத்திரம். இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுவது. வேறு ஒருவன் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். என் வீட்டில் அதைப் போட வைத்து, நான்கு நாளாக என் மனைவியை அந்தக் காரின் மேல் கை வைக்கவும் விட்டிருக்கிறேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மனு எழுதியதற்கும் சேர்த்து வைத்திருந்த பார்வை அது.

"அப்ப நிஜ எர்த் என்ன ஆச்சு?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு பின்பக்கம் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். துவைக்கிற கல் இருந்தது. அதைச் சுற்றிலும் பேவர் கல் பளபளவென்று இருந்தது.

"குழி எங்க சார்?"

நான் காலால் ஓர் இடத்தைக் காட்டினேன்.

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். கல்லடியிலிருந்து கிளம்பிப் போகிற பைப்பைப் பார்த்தார். பைப் போய் முடிகிற இடத்தில் தளதளவென்று நிற்கிற பலாக்கன்றைப் பார்த்தார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

நெம்புகோல் கேட்டு வாங்கி அவரே கற்களைப் பெயர்த்தார். நான் குனியப் போனேன். "நீங்க தள்ளியே இருங்க சார்" என்றார். மூடியைத் திறந்தால் உள்ளே கரி காய்ந்து திருநீறுபோல் பொடிந்து கிடந்தது. விரலால் ஒரு சிட்டிகை எடுத்து என்னிடம் காட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. முதலில் எர்த் கம்பியை வீட்டு இணைப்பிலிருந்து கழற்றினார். சோதனை நேரத்தில் வீட்டுக்குள் எதையாவது தொடுகிறவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. எங்கள் இருவரையும் குழியிலிருந்து தூரமாகப் பின்வாசல் படியில் உட்காரச் சொன்னார். பையிலிருந்து ஒரு பழைய குண்டு பல்பு வந்தது. மெயின் போர்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்துவந்து, பல்பின் ஒரு முனையைக் கரண்டு வருகிற ஃபேஸில் கொடுத்தார். இன்னொரு முனையை நியூட்ரலில் கொடுத்துக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது.

"இப்ப பாருங்க" என்று அணைத்துவிட்டு, அந்த முனையை எர்த் கம்பிக்கு மாற்றிவிட்டுப் போட்டார்.

பல்புக்குள் இழை மட்டும் தணலாகச் சிவந்தது. அவ்வளவுதான். பட்டப்பகலில் கையைக் குவித்துப் பார்த்தால்தான் தெரிந்தது.

மறுபடி அணைத்தார். அணைந்ததைச் சரிபார்த்தார். பிறகுதான் குடம் கேட்டார். என் மனைவி கொண்டுவந்த குடத்துத் தண்ணீரை அவசரமில்லாமல் குழிக்குள் ஊற்றினார். இரண்டாவது குடம். மூன்றாவது குடம். மண் உறிஞ்சுகிற சத்தம் படிவரைக்கும் கேட்டது. "கொஞ்ச நேரம் ஆகும் சார்" என்று சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த டீயை நின்றுகொண்டே குடித்தார். அவரைத் தொழிலிலிருந்து துரத்தப் பார்த்தவன் வீட்டு டீ. நல்லா இருக்கு என்றும் சொன்னார்.

டீ முடிந்து, எல்லோரும் தள்ளி இருக்கிறோமா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. நியூட்ரலில் எரிந்ததற்குக் கிட்டத்தட்ட அதே வெளிச்சம். என் மனைவி கையைத் தட்டியேவிட்டாள். ஒருவர் தன்மேல் குற்றம் சுமத்தியவன் வீட்டுப் பின்பக்கத்தில் நின்று, யாரையும் குறை சொல்லாமல், ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து உண்மைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நான் ஒன்றரைப் பக்கத்தில் செய்ய முடியாததை ஒரு பல்பையும் மூன்று குடம் தண்ணீரையும் வைத்துக்கொண்டு செய்துவிட்டார். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

புதுக் கரியும் உப்பும் போட்டு, கம்பியை மறுபடி இணைத்து, பைப்பில் ஒரு பிரிவு வைத்துக் குழிக்கும் தண்ணீர் விழும்படி செய்தார். பலாக்கன்றை அவர் கைவிடவில்லை. "அதும் பாவம்" என்றார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மெயினைப் போட்டார். சார்ஜரில் பச்சை. இந்த முறை நிஜமான பச்சை.

பிறகு படிவத்தை நிரப்பி என் கையெழுத்துக்கு நீட்டினார். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை நான். படித்தேன். 'கோடையில் மண் காய்ந்து எர்த் பலவீனமடைந்தது. சுவிட்ச் பெட்டியில் முறையற்ற இணைப்பு ஒன்று இருந்தது, அகற்றப்பட்டது.' அவ்வளவுதான்.

"யாரு போட்டதுன்னு எழுதலையே?"

"அந்தக் கேள்வி இதுல இல்ல சார்."

"பேவர் கல்லு? பைப்பு?"

"மண்ணு காஞ்சுச்சு. அதான உண்மை" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டியை மாட்டியவர் அவர். அதற்குள் முறையற்ற இணைப்பு இருந்தது என்று எழுதியவரும் அவர். படிக்கிறவன் பழியை யார் தலையில் போடுவான்? பக்கத்திலேயே என் மனு வேறு இருக்கிறது, ஒன்றரைப் பக்கத்துக்கு. அவருக்குப் பொய் சொல்லவும் மனமில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. தன் பெயரைப் பணயம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

காகிதத்தை எடுத்தேன். 'நாளது வரையில் ஏற்பட்ட சில சூழ்நிலைகளின் காரணமாக' என்று எழுதிக் கிழித்தேன். 'தவறான புரிதலின் பேரில்' என்று எழுதிக் கிழித்தேன். ஊரார் தகராறையெல்லாம் எழுதித் தீர்த்த கைக்கு, சொந்தத் தப்பை எழுத வரவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் எப்படியோ வளைந்து என்னைக் காப்பாற்றவே பார்த்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கடைசியில் பொறுமை இழந்தாள்.

"யாரு செஞ்சாங்கன்னு எழுதுங்க. அது போதும்."

எழுதினேன். 'எர்த் குழியை மூடியதும், தண்ணீரைத் திருப்பியதும், வெளியாளை வைத்துப் பெட்டியைத் திறந்து அந்த ஒயரைப் போட வைத்ததும் நான். அவர் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை.' கீழே கையெழுத்து. பழக்கதோஷத்தில் 'சாட்சி' என்று எழுதிவிட்டேன். என் மனைவி பேனாவை வாங்கி, அங்கே தன் கையெழுத்தைப் போட்டாள்.

பத்து நாள் பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் போன் மணி அடிக்கிறபோதெல்லாம் ஓடிப்போய் எடுத்தேன். பதினோராவது நாள் காலை அவரே கூப்பிட்டார்.

"பேரு லிஸ்ட்டுல இருக்கு சார். எடுக்கல."

மன்னிச்சிருங்க என்றேன். அந்தச் சொல்லை நான் கடைசியாக யாரிடம் சொன்னேன் என்று நினைவில்லை.

"அட விடுங்க சார். உங்க ரெண்டு லெட்டரையும் காட்டுனாங்க. மொதல் லெட்டரு படிக்க ரொம்ப நல்லாயிருந்துச்சு" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "குழிக்குத் தண்ணி ஊத்துறீங்களா? வெயிலு கூடிருச்சு. பைப்புத் தண்ணி மட்டும் பத்தாது, தெனம் ஒரு கொடம் ஊத்துங்க" என்றார்.

"ஊத்திட்டேன்" என்றேன். அன்று ஊற்றியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவிட்டதில்லை. காலையில் என் மனைவி வாளியும் ஈரத்துணியுமாக, இப்போதும் செருப்பில்லாமல்தான், கொட்டகைக்கு வருவாள். அவள் காரில் கை வைப்பதற்குள் நான் ஊற்றி முடித்திருப்பேன்.